கூகை இருந்தால் எலி அடங்குமா?

வரப்போரம்:
எங்கள் ஊர்ப் பழைய நெல் குடோன் பரணில் ஒரு கூகை ஆந்தை ஜோடி குடியிருக்கிறது. ராத்திரி அலறுவது அபசகுனமாம், துரத்த வேண்டுமாம். கூடாது என்கிறேன். கீழே கிடந்த உருண்டை ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தேன். முடிச் சுருளுக்குள் மூன்று எலி மண்டை, மஞ்சள் முன்பல் அப்படியே இருந்தது. இது எச்சமில்லை. எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் முடியையும் கூகை கக்கிவிடும். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

கிட்டிக்காரன்:
அண்ணே, சகுனப் பேச்சு எனக்கும் ஆகாது. ஆனால் மூன்று மண்டை, கூகை எத்தனை தின்றது என்றுதான் சொல்லும். வயலில் எத்தனை மிச்சம் என்று சொல்லாது. எலி சினைப்பட்டு மூன்று வாரத்தில் ஈன்றுவிடும். கூகையால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியுமா? ஆந்தை உட்காரட்டும் என்று போன சம்பாவில் குச்சி நட்டேன். கரிச்சான் குருவிதான் உட்கார்ந்தது! கடைசியில் எலிப்பொறியான கிட்டிதான் நெல்லைக் காப்பாற்றியது. ஹவாய் தீவுகளில் 1958இல் கரும்புத்தோட்ட எலிக்காகக் கூகையைக் கொண்டுபோய் விட்டார்கள். அது கடற்பறவைகளையும் அடித்துத் தின்றது. 2017இல் அதைக் கொல்ல அமெரிக்க அரசே வழிவிட்டது.

வரப்போரம்:
ஹவாயில் அது வந்தேறி, தம்பி. தரையில் கூடு கட்டும் அந்தப் பறவைகளுக்கு இப்படி ஒரு எதிரியைத் தெரியவே தெரியாது. இங்கே கூகையும் வயல் எலியும் காலங்காலமாகச் சேர்ந்தே இருப்பவை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

இரவுப்பறவை:
இருவரும் செத்த எலியை மட்டும் எண்ணுகிறீர்கள். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், பெரிய அடைப்புக்குள் பழக்கிய கூகைகளைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்த பாலைவன எலிகள் வெட்டவெளியை விட்டுப் புதரோரம் ஒதுங்கின. இரை தேடுவதையும் குறைத்துக்கொண்டன. தின்னாமலே கூகை செய்யும் வேலை இது.

அப்புறம், புரோமடியோலோன் என்ற எலிவிஷக் கட்டி வைப்பவர்கள் கூகையை நம்பிப் பயனில்லை. தின்ற எலி உடனே சாகாது. நாலைந்து நாள் தள்ளாடித் திரியும். கூகைக்குச் சுலபமாகச் சிக்கும். விஷம் கூகையின் ஈரலில் போய்ச் சேரும். அந்த வகையில் கிட்டிதான் யோக்கியமான ஆயுதம்.

கிட்டிக்காரன்:
கிட்டிக்கு நற்சான்று கொடுத்ததற்கு நன்றி சார். ஆனால் வெட்டவெளியில் பயந்த எலி எங்கே ஒதுங்கும்? புல் மண்டிய என் வரப்புக்குத்தானே!

இரவுப்பறவை:
அதனால்தான் வரப்பைச் சிறிதாக்கிப் புல்லைச் செதுக்கி வைக்கச் சொல்கிறார்கள். ஒளிய இடமில்லாவிட்டால் கூகைக்கும் வேட்டை சுலபம்.

கிட்டிக்காரன்:
செதுக்கலாம். இந்தப் பருவத்தில் மண்வெட்டி பிடிக்க ஆள் கிடைத்தால் சொல்லுங்கள், கூகைக்கு நானே பந்தல் போடுகிறேன்.