அவுட்ஃபீல்டர் = வெளிக்கள வீரர்: டோனி க்வின் கட்டுரைக்கான சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

அமெரிக்கப் பேஸ்பால் வீரர் டோனி க்வின் பற்றிய கட்டுரைக்கு எந்தத் தமிழ்ச் சொற்களை வைப்பது என்பதுதான் பேச்சு. மைதானத்தின் பின்பகுதியில் நின்று பந்தைத் தடுக்கும் அவுட்ஃபீல்டருக்குப் ‘புறக்கள வீரர்’ என்று இங்கே இருவர் முன்மொழிந்திருக்கிறீர்கள். அகம், புறம் என்ற இணை கேட்க அழகாகவே இருக்கிறது. ஆனால் அங்கே நிற்பவர்கள் மூவர்: இடது, நடு, வலது. ‘வலப்புறக்களம்’ என்று எழுதியதும் படிப்பவர் ‘வலப்புறம்’ என்று பிரித்துவிடுவார். முதல் பேஸ் (ஓடுபவர் தொட வேண்டிய தளங்களில் முதலாவது) உள்ள பக்கம் முழுவதும் அதற்குள் வந்துவிடும். க்வின் பெரும்பாலும் ஆடியது அதற்கும் பின்னால், வலது மூலைப் புல்வெளியில். அங்கிருந்து மூன்றாம் பேஸுக்கு எறிவது மிக நீண்ட எறிதல் என்பதால் நல்ல தோள்வலு உள்ளவரையே அங்கு நிறுத்துவார்கள். தடுப்பாட்டத்துக்காக ஐந்து முறை தங்கக் கையுறை விருது வாங்கியவரின் கட்டுரையில் இடம் குழம்பக் கூடாது.

எனவே உட்களம், வெளிக்களம் என்று வைத்துக்கொள்வோம். இட வெளிக்களம், நடு வெளிக்களம், வல வெளிக்களம் எனச் சிக்கலின்றி நீள்கிறது. எதிரணியின் மைதானம் போல் ஒலிக்கிறதே என்ற ஐயத்துக்கு, அதைக் குறிக்க ‘வெளியூர் ஆட்டம்’ ஏற்கெனவே இருக்கிறது என்பது என் பதில்.

அடுத்து, ‘பேட்டிங் ஆவரேஜ்’ என்பதற்கு முன்மொழியப்பட்ட ‘மட்டையடிச் சராசரி’. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம் வாசகர் சராசரி என்றாலே ஓட்டங்களைத்தான் நினைப்பார். பேஸ்பாலில் கணக்கு வேறு: மட்டை பிடித்த வாய்ப்புகளில் எத்தனை, அடித்தவரைப் பேஸில் சேர்க்கும் அடியாக முடிந்தன என்ற விகிதம். 1994இல் க்வின் 0.394இல் இருந்தார், வீரர்களின் வேலைநிறுத்தத்தால் ஆகஸ்டிலேயே பருவம் நின்றுபோனது. ஆயிரத்துக்கு 394 அடி என்று சொன்னால்தான் அதன் அருமை புரியும். ‘அடி விகிதம்’ என்பது என் பரிந்துரை. சான் டியேகோ பேட்ரெஸ் என்ற ஒரே அணிக்கு 1982 முதல் 2001 வரை ஆடி 3,141 அடிகள், 0.338 விகிதம்!

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஐந்தரை’. பேஸ்பாலில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. மூன்றாம் பேஸ் காவலர் 5, அவருக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. இந்த இருவருக்கும் இடையே பந்தைத் தட்டி விடுவதில் இடக்கை ஆட்டக்காரரான க்வின் கைதேர்ந்தவர். அந்த இடைவெளியை அவர் 5.5 என்றே அழைப்பார். ‘ஐந்தரை இடுக்கு’ என்று அப்படியே எழுதலாம். விளக்கத்தை ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

அப்புறம் பதவிப் பெயர். தொழில்முறை அணியை நடத்துபவர் மேலாளர். கல்லூரி அணியில் அதே வேலையைச் செய்பவர் தலைமைப் பயிற்சியாளர். க்வின் 2003 பருவத்திலிருந்து, தாம் படித்த சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழக அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். இரண்டையும் கலக்க வேண்டாம்.

கடைசியாக ‘மென்டர்’. ‘வழிகாட்டி’ என்பது பயணக் கையேடு, கைகாட்டிப் பலகை என எல்லாவற்றுக்கும் போய்விட்டது. க்வினிடம் பயின்ற ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க், தொழில்முறை அணிகள் புதியவர்களை எடுக்கும் 2009 வீரர் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர். அவர் பந்தெறிபவர், க்வினோ மட்டையாளர். ஆகவே இந்த உறவு ஆட்ட நுணுக்கத்தோடு நிற்பதில்லை. 2014 ஜூனில் உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோயால் க்வின் இறந்தார். மெல்லும் புகையிலைதான் காரணம் என்று அவரே நம்பினார். அதன்பின் ஸ்ட்ராஸ்பர்க் தாமும் அதை விடப்போவதாக அறிவித்தார். பயிற்சியாளர் என்ற சொல்லுக்குள் இது அடங்கவில்லை. சிலம்பக் கூடங்களில் இன்றும் வழங்கும் ‘ஆசான்’ இதற்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அணியில் அது ஒரு பதவி என்ற மயக்கம் வருமோ என்பது மட்டும் என் தயக்கம். விளையாட்டுச் செய்திகள் எழுதுபவர்கள் இதைப் பற்றிச் சொன்னால் நல்லது.