தாரமங்கலத்தில் வாலி தூணுக்குப் பக்கத்தில் நின்றபோது

எல்லோரும் கோவில் அனுபவம் எழுதுகிறீர்கள், எங்கள் பக்கத்துக் கோவில் ஒன்றை நானும் சொல்லிவிடுகிறேன். தாரமங்கலம் கைலாசநாதர் கோவில். கல்யாணமாகி சேலத்துக்கு வந்து 12 வருடத்தில் நாலைந்து தடவையாவது போயிருப்பேன். போனதும் அர்ச்சனைத் தட்டு வாங்கி நேராக சன்னதி, தீபாராதனை, திருநீறு, பிரகாரம் ஒரு சுற்று, கிளம்பு என்றுதான் போய்வந்திருக்கிறேன். அங்கே சிற்பம் அருமையாக இருக்கும் என்று ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் நின்று பார்த்ததில்லை.

போன ஐப்பசியில் என் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து எட்டு நாள் விடவே இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே மாமியார், தாரமங்கலத்து ஜுரஹரேஸ்வரருக்கு மிளகு ரசம் படைப்பதாக வேண்டிக்கொண்டார். மூன்று கால், மூன்று கையோடு இருக்கும் அந்த ஜுர தேவரைப் பல பழைய சிவன் கோவில்களில் பார்க்கலாம். அவருக்கு மிளகு ரசம் வைப்பது பழைய வழக்கம், காய்ச்சல்காரருக்கு நாம் எதைக் கொடுப்போமோ அதையே சாமிக்கும் கொடுக்கிறோம். குழந்தை தேறியதும் ஒரு சனிக்கிழமை காலையில் தூக்குப் போசியில் ரசத்தை ஊற்றிக்கொண்டு ஓமலூர் வழியாகப் போகும் பஸ்ஸில் மூன்று பேரும் கிளம்பினோம்.

வேண்டுதலை முடித்த பிறகு மாமியாருக்குக் கால் வலி, மண்டபத்தில் உட்கார்ந்துவிட்டார். சரி, கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நானும் பெண்ணும் தூண்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தோம். அங்கே ஒரு பெரியவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தோளில் துண்டு, எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மணி, பாப்பாவ அங்க நிக்கச் சொல்லுங்க" என்று ஒரு தூணைக் காட்டினார். தறி ஓட்டுகிறவராம், சின்ன வயதிலிருந்து தினமும் வருவாராம்.

அவர் காட்டியது வாலி, சுக்ரீவன் சண்டை போடும் தூண். "வாலி பக்கத்துல நின்னு பாரு கண்ணு, ராமர் தெரியறாரா?" என்றார். தெரியவில்லை. அவள் எட்டிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள், வில்லோடு யாரையும் காணோம். அப்புறம் அவளைக் கைபிடித்து ராமர் இருக்கும் தூணுக்குக் கூட்டிப்போய், "இப்ப வாலியப் பாரு" என்றார். அங்கிருந்து வாலி முழுசாகத் தெரிகிறான். நானும் இரண்டு இடத்திலும் நின்று பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. மறைந்திருந்து அம்பு விட்டார் என்று சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான், அதை அந்தச் சிற்பி முகத்திலோ கையிலோ காட்டாமல், எந்தத் தூணை எங்கே நிறுத்துவது என்பதிலேயே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பெண் கேட்டாள், "அப்போ அம்பு விட்டது யாருன்னு வாலிக்குத் தெரியவே தெரியாதா தாத்தா?"

"அம்புல பேரு இருந்துச்சு கண்ணு. புடுங்கிப் பாத்துப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டான்."

அவள் அதற்கப்புறம் ரொம்ப நேரம் பேசவே இல்லை. இதே மாதிரி ரதியும் மன்மதனும் இருக்கிறார்கள், ஒருவர் இருக்கும் இடத்திலிருந்து மற்றவர் தெரிவார், அங்கே போய்த் திரும்பிப் பார்த்தால் தெரியமாட்டார். அதையும் காட்டினார்.

அடுத்தது யாளி. வாயைத் திறந்து நிற்கிறது, பல்லுக்குப் பின்னால் ஒரு கல் உருண்டை. பெண் விரலை விட்டு உருட்டினாள், கடகடவென்று நகர்ந்தது, வெளியே மட்டும் வராது. எங்கிருந்தோ கொண்டுவந்து உள்ளே வைத்ததில்லை அது. ஒரே கருங்கல்லில் வாயைக் குடையும்போதே நடுவில் கொஞ்சம் கல்லை விட்டுவைத்து, பல் இடுக்கு வழியாகவே உளியை விட்டுச் சுற்றிலும் கொத்திக் கொத்தி அதைத் தனியாகப் பிரித்திருக்கிறார்கள். கல் சங்கிலியும் அப்படித்தான், வளையத்துக்குள் வளையம், எங்கேயும் ஒட்டு கிடையாது. ஒரு அடி தவறினால் அதுவரை செய்த வேலை முழுக்கப் போச்சு. மேலே விதானத்தில் கவிழ்ந்த தாமரையும் அதைச் சுற்றிக் கிளிகளும். பெரியவர் அண்ணாந்து பார்த்து, "நாங்க முந்தில புட்டா போடறோமே, நூலு அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம். கல்லுல எங்க முடிச்சுப் போடறது?" என்றார். ஐம்பது வருடம் தறியில் உட்கார்ந்தவர் கண்ணுக்குத்தான் அது அப்படித் தெரியும்.

இதைக் கட்டியவர்கள் கெட்டி முதலிகள். தாரமங்கலத்தைத் தலைமையிடமாக வைத்து, மதுரை நாயக்கர் காலத்தில் இந்தப் பகுதியை ஆண்ட பாளையக்காரர்கள். அவர்களில் மும்முடி தொடங்கியதை சீயாழி தொடர்ந்து, வணங்காமுடி முடித்தார் என்று சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டு வேலை. பெரிய பேரரசு எதுவும் இல்லை, நம் ஓமலூர், சங்ககிரி, ஆத்தூர் பக்கத்துப் பாளையம், அவர்கள் இதைச் செய்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்குத் தஞ்சாவூர் தெரிகிறது, மாமல்லபுரம் தெரிகிறது, இந்தப் பெயர் தெரியவில்லை என்பதில் வருத்தமும் இருக்கிறது.

ஒரு விஷயத்தை மனசு கேட்காமல் எழுதுகிறேன். கையில் மிஞ்சும் திருநீறையும் குங்குமத்தையும் தயவுசெய்து தூணில் கொட்டாதீர்கள், விளக்குக்கு ஊற்றிய எண்ணெய்க் கையைச் சிற்பத்தில் துடைக்காதீர்கள். இத்தனை நாள் நானும் செய்ததுதான். ஒரு பெண் சிற்பத்தின் கால் விரல்களுக்கு நடுவே எண்ணெயும் பொடியும் சேர்ந்து கட்டியாக இறுகிக் கிடந்தது, விரல் எத்தனை என்றே எண்ண முடியவில்லை.

வெளியே வந்து ராஜகோபுரத்தையும் நின்று பாருங்கள், 5 நிலை, சுமார் 90 அடி, அடிப்பகுதியை யானையும் குதிரையும் இழுக்கிற தேர் மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் எண்கோணத் தெப்பக்குளம், ஒரு சுவரில் கல்லை எறிந்தால் எட்டுச் சுவரிலும் பட்டு எறிந்தவரிடமே திரும்பி வரும் என்பார்கள். நாங்கள் எறிந்து பார்க்கவில்லை.

கோவில் மேற்குப் பார்த்தது. மாசி 9, 10, 11 தேதிகளில் சாயங்கால வெயில் வாசல் வழியாக உள்ளே வந்து லிங்கத்தின் மேல் விழும் என்று பெரியவர் சொன்னார். "நாலு மணிக்கே வந்து எடம் புடிச்சிருங்க, கூட்டம் முன்னாடி நின்னுட்டா வெயிலே உள்ள போகாது" என்றார். தறியில் பாவு நூல் பிணைக்க ஆள் வந்திருப்பார்கள் என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை நான்.

மாமியாரை எழுப்பி, மெதுவாக நடத்திக் கூட்டிப்போய் வாலி பக்கத்தில் நிற்க வைத்தோம். "ராமர் தெரியறாரா ஆத்தா?" என்று பெண் கேட்டாள்.