மறு: ‘நினைவகப் பாதுகாப்பு’ போதுமா? ‘வரம்புறுதி’ எனலாமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நிரல் தனக்கு ஒதுக்கிய நினைவகத்துக்குள்ளேயே நிற்பதை ஆங்கிலத்தில் ‘மெமரி சேஃப்டி’ என்கிறார்கள். அதற்கு ‘வரம்புறுதி’ என்ற புதுச்சொல் சரியா என்பது பற்றி நேற்றிரவு வந்த மடல்களைக் காலையில் பசியாறும்போதுதான் படித்தேன். கோலாலம்பூர் அக்கா கேட்டிருந்தார்:

> நினைவகப் பாதுகாப்பு என்றுதானே எழுதி வருகிறோம். புதுச்சொல் எதற்கு?

நானும் அப்படித்தான் எழுதி வந்தேன். போன மாதம் பட்டர்வொர்த்தில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ரஸ்ட் என்ற நிரல்மொழி பற்றி வகுப்பு எடுத்தபோது, “நினைவகத்துக்குக் கடவுச்சொல் போடுவதா, சார்?” என்று ஒரு பையன் கேட்டான். அவன் மேல் தவறில்லை. பாதுகாப்பு என்றாலே பூட்டும் காவலும்தான் நினைவுக்கு வரும். அவன் பள்ளியில் படிக்கும் மலாயிலும் ‘சேஃப்டி’, ‘செக்யூரிட்டி’ இரண்டுக்கும் ‘கெசெலாமாத்தான்’ என்ற ஒரே சொல்தான்.

திருடனைத் தடுப்பது பாதுகாப்பு. நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. நிரல் தனக்கு ஒதுக்கிய இடத்தை விட்டு வெளியே கை வைக்கக்கூடாது. திருடன் வராவிட்டாலும் அது வேண்டும்.

என் மேசையில் நடந்ததைச் சொல்கிறேன். பாயான் லெப்பாஸில் நான் முன்பு வேலை செய்த இடத்தில், அட்டையைக் காட்டினால் கதவு திறக்கும் கருவிக்குச் சி மொழியில் நிரல் எழுதினோம். பெயருக்கு 32 பைட், அதை ஒட்டியே அனுமதி நிலைக்கு 1 பைட். தமிழிலும் பெயர் காட்டட்டுமே என்று ஆசையாக ‘சுப்பிரமணியம்’ என்று உள்ளிட்டேன். எட்டே எழுத்துதான். ஆனால் எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ‘சு’ என்பது ‘ச’ ஒன்று, உகரக் குறி ஒன்று, ஒவ்வொன்றுக்கும் 3 பைட். இப்படி எண்ணினால் முழுப் பெயருக்கும் 13 குறி, 39 பைட் ஆகிறது. 33ஆவது பைட் ‘ய’வின் கடைசித் துண்டு, அதன் மதிப்பு 175. அது போய் உட்கார்ந்தது அனுமதி நிலையின் இடத்தில். நிலை 3க்கு மேல் இருந்தால் கதவைத் திற என்று எழுதியிருந்தோம். கதவு திறந்துகொண்டது. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் மொழிமாற்றி (கம்பைலர்) ஓர் எச்சரிக்கைகூடக் காட்டவில்லை.

யாரும் தாக்கவில்லை, கடவுச்சொல் எதுவும் திருடு போகவில்லை. ஒரு நல்ல தமிழ்ப் பெயர் வரம்பைத் தாண்டியது, அவ்வளவுதான். ரஸ்டில் எழுதியிருந்தால் கருவி பிழை சொல்லி நின்றிருக்கும், பக்கத்து பைட்டைத் தொட்டிருக்காது. 2014இல் வெளிவந்த ஹார்ட்பிளீட் ஓட்டையும் இதே இனம்தான். இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரல் தொகுப்பு சி மொழியில் எழுதியது. அது எதிர்முனைக் கணினி சொன்ன நீளத்தை நம்பி, கேட்டவருக்கெல்லாம் ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை நினைவகத்தை வாரிக் கொடுத்தது. தான் சரிசெய்யும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு இந்த வகை என்று 2019இல் மைக்ரோசாஃப்ட் சொன்னது. மொழித் தேர்வைப் பற்றி இவ்வளவு பேசுவது அதனால்தான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். செந்தூல் ஆசிரியர் ஐயா சொன்ன ‘ஏமம்’, பாதுகாப்பு என்று பொருள்படும் அழகான பழஞ்சொல். ஆனால் மாணவர் காதில் அது ஏமாற்றம் என்று விழுமோ என்று பயப்படுகிறேன். ‘காப்பு’ என்றால் மறுபடியும் காவலுக்கே போய்விடுவோம்.

‘வரம்பு’ எல்லாரும் புழங்கும் சொல். செபராங் பிறையில் வளர்ந்தவர்களுக்கு வயல் வரம்பும், அது உடைந்தால் அடுத்தவன் வயலுக்குத் தண்ணீர் பாய்வதும் தெரியும். அதனால் ‘வரம்புறுதி’ என்கிறேன். நிரல் வரம்புக்குள் நிற்கும் என்று மொழியே தரும் உறுதி.

சுங்கை பட்டாணி தம்பியின் மறுப்பு நியாயமானது:

> விடுவித்த நினைவகத்தை மறுபடி தொடுவதும் இதில் அடக்கம். அங்கே ஏது அண்ணே வரம்பு?

வீட்டைக் காலி செய்த பிறகும் பழைய சாவியோடு உள்ளே போவது போன்றது அது. உள்ளே வேறு குடும்பம் இருக்கும். தமிழில் வரம்பு இடத்துக்கு மட்டும் உரியதா தம்பி? கால வரம்பு, வயது வரம்பு என்று தினமும் சொல்கிறோமே. அணியின் (வரிசையாக ஒதுக்கிய இடங்களின்) எல்லையைத் தாண்டினால் இட வரம்பு மீறல், விடுவித்ததைத் தொட்டால் கால வரம்பு மீறல். ரஸ்ட் முதலாவதைப் பெரும்பாலும் ஓடும்போது சோதிக்கிறது, இரண்டாவதை மொழிமாற்றும்போதே தடுக்கிறது. ஒரே சொல் இரண்டையும் தாங்குகிறது என்பதால்தான் எனக்கு இதன் மேல் இவ்வளவு பிடிப்பு.

இன்னொன்றும் பாருங்கள். 2021இல் உலகத்தையே அலைக்கழித்த லாக்4ஜே ஓட்டை, ஜாவா மொழியில் எழுதிய, நடப்புகளைப் பதிவு செய்யும் ஒரு நிரல் தொகுப்பில் இருந்தது. ஜாவா வரம்புறுதி உள்ள மொழி. அந்த நிரல் எந்த வரம்பையும் மீறவில்லை, வெளியார் அனுப்பிய வரியைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு எங்கிருந்தோ வந்த நிரலை ஓட்டியது. ‘நினைவகப் பாதுகாப்பு உள்ள மொழியில் பாதுகாப்பு இல்லை’ என்று எழுதினால் படிப்பவர் தலை சுற்றும். ‘வரம்புறுதி இருந்தும் பாதுகாப்பு இல்லை’ என்றால் புரிகிறது.

எனக்குப் பிடிபடாதது ஒன்று இருக்கிறது. ரஸ்டில் சில வரிகளைத் தனியே அடைத்து, ‘இதற்கு நான் பொறுப்பு, நீ சோதிக்காதே’ என்று மொழிமாற்றியிடம் சொல்லலாம். அதை ‘உறுதியற்ற பகுதி’ என்பது சரியில்லை. அங்குள்ள நிரல் சரியாகவே இருக்கலாம், உறுதி சொல்வது மட்டும் மனிதர் கைக்கு வந்துவிடுகிறது. ‘தன்பொறுப்புப் பகுதி’ என்று இப்போதைக்குக் குறித்திருக்கிறேன். வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து