கோடெக்ஸில் படித்ததும் மோர்டினிடம் கேட்டதும்

பயோவேர் நிறுவனத்தின் மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளிக் கதை வீடியோ கேம் வரிசையில் முதல் விளையாட்டு 2007-இலும் இரண்டாவது 2010-இலும் மூன்றாவது 2012-இலும் வெளிவந்தன. ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து பால்வெளியின் நாகரிகங்களை அறுவடை செய்யும் ரீப்பர்கள் என்ற இயந்திர உயிர்களின் நோக்கம் என்ன என்று இன்று யாரேனும் கேட்டால் தட்டுத்தடுமாறித்தான் சொல்வேன்; ஆனால் மோர்டின் சோலஸ் என்ற, சலேரியன் என்னும் வேற்றுலக இனத்து விஞ்ஞானி பேச்சின் நடுவே எப்படி மூச்சை இழுப்பார் என்பதுகூட நினைவில் இருக்கிறது.

குரோகன் என்ற இன்னொரு வேற்றுலக இனத்தாரின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தச் செலுத்தப்பட்ட ஜீனோஃபேஜ் என்ற மரபணு மாற்றத்தைப் பற்றி, ஆயிரம் கருக்களில் ஒன்றே தேறும் என்ற கணக்கு உட்பட, விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் கோடெக்ஸ் என்ற தகவல் தொகுப்பு விரிவாகச் சொல்கிறது. முதல் விளையாட்டிலேயே அதைப் படித்திருந்தேன். கறிக்கு உதவாத ஏட்டுச் சுரைக்காயாகத்தான் அது கிடந்தது.

இரண்டாவது விளையாட்டில் மோர்டின் நம் விண்கப்பலின் ஆய்வகத்தில் நின்றபடி, குரோகன்களின் உடல் அந்தத் தடையை மீறத் தொடங்கியபோது அதைத் திருத்தி மீண்டும் வலுப்படுத்திய குழுவில் தாமும் இருந்ததாகச் சொல்கிறார். தாம் யாரையும் கொல்லவில்லை, பிறப்பைத்தான் குறைத்தோம், இல்லாவிட்டால் போர் மூண்டு அந்த இனமே அழிந்திருக்கும் என்று அவர் அடுக்கும் வாதங்களில் ஓட்டை கண்டுபிடிப்பது எளிதன்று. பிறகு, தம் பழைய மாணவன் மேலனைத் தேடி டுச்சாங்கா கிரகத்தின் மருத்துவமனை ஒன்றுக்குள் நம்முடன் வருகிறார். அங்கே, மலட்டுத்தன்மைக்கு மருந்து கிடைக்கும் என்று நம்பிப் பரிசோதனைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்த ஒரு குரோகன் பெண்ணின் உடல் கிடக்கிறது. அதன் அருகே நின்று, இளம் தாயே என்று விளித்து அவளுடைய ஆன்ம சாந்திக்காகச் சில சொற்கள் சொல்கிறார். அடுத்த நொடியே பழைய வாதத்துக்குத் திரும்பிவிடுகிறார். தாம் செய்தது தவறு என்று அப்போதும் அவர் ஒப்புக்கொள்வதில்லை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தடுமாற்றத்தை எந்தக் கோடெக்ஸ் பதிவும் எழுதிவிட முடியாது.

மூன்றாவது விளையாட்டில், வெடித்துச் சிதறும் கோபுரத்தின் உச்சிக்குத் தனியாக ஏறி ஜீனோஃபேஜுக்கான மாற்றுமருந்தைப் பரப்புவதும் அவரே. கடற்கரையில் ஓய்வாக உட்கார்ந்து சிப்பி பொறுக்கலாம், அவற்றையும் சோதித்துப் பார்க்கலாம் என்று முன்பு சொன்னதை அந்நேரத்தில் நினைவுகூர்ந்து, ஒரு பாட்டை முணுமுணுத்தபடியே வேலையை முடிக்கிறார்.

அதே விளையாட்டின் முடிவைக் குறித்து 2012-இல் எழுந்த கூச்சலைப் பலரும் அறிவர். முடிவை விளக்கி நீட்டிய இலவசப் பதிப்பு அவ்வாண்டே வந்தது. எனக்கோ, தோழர்கள் எல்லோரும் ஒரே வீட்டில் கூடிக் கூத்தடிக்கும் 2013-இன் சிட்டடெல் கூடுதல் பகுதிதான் நிறைவைத் தந்தது.

*

இதே விளையாட்டுகளை ஆடிய இன்னொருவரின் மறுமொழி இது. கோடெக்ஸில் படித்த பின்னணியைவிட எதிரே நின்று பேசும் ஆளே மனத்தில் நிற்கிறார் என்று மேலே சொன்னதோடு பெரிதும் உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். முதல் விளையாட்டின் விர்மயர் கடற்கரையில், மாற்றுமருந்து இருப்பதாகச் சொல்லப்படும் ஆய்வுக்கூடத்தைத் தகர்க்கப் போகிறோம் என்று தெரிந்ததும் ரெக்ஸ் என்ற குரோகன் தோழன் நம்மை நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறான். அவனைச் சமாதானப்படுத்த முடியாத ஆட்டங்களில் அவன் அங்கேயே சாகிறான். ஒரு விளையாட்டில் நாம் எடுக்கும் முடிவுகள் அடுத்ததிலும் தொடர்வதால், மூன்றாவது விளையாட்டில் அவனுடைய இடத்தில் ரீவ் என்ற பழிவெறி பிடித்த தலைவன் வந்து உட்கார்கிறான். என் ஆட்டங்களில் ஒன்றில், மாற்றுமருந்து தேடிய மேலனின் ஆய்வுத் தரவுகளும் இரண்டாவது விளையாட்டில் அழிக்கப்பட்டிருந்ததால், குரோகன்களை நிதானப்படுத்தக்கூடிய ஈவ் என்ற பெண்ணும் உயிர்பிழைக்கவில்லை. ரெக்ஸ் இருந்த ஆட்டத்தில் மாற்றுமருந்தைக் கொடுக்க நொடிகூடத் தயங்காத நான், இங்கே கோபுரத்தின் அடியில் மோர்டினைத் தடுத்துப் பேசினேன். ரீவின் கையில் அந்த இனத்தை ஒப்படைப்பது குறித்து அவருக்கும் ஐயம் இருந்தது. வாதத்தை ஏற்று, மருந்தைப் பரப்பாமல், உயிரோடு திரும்பினார். ஜீனோஃபேஜின் வரலாற்றில் ஒரு வரிகூட மாறவில்லை. எதிரே நின்ற ஆள்தான் மாறியிருந்தான்.