சிங்கப்பூரில் வேலை, ஊரில் வாக்கு: படிவம் 6-ஏ கொடுப்பதா, பழைய அட்டையே போதுமா?

மன்னார்குடியான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்த நான் சிங்கப்பூரில் எஸ் பாஸ் என்னும் வேலை அனுமதியில் வேலை செய்கிறேன். மனைவியும் மகளும் ஊரில் என் பெற்றோருடன் இருக்கிறார்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, எனக்குரிய கணக்கெடுப்புப் படிவத்தில் அப்பாதான் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அதை வாங்க வந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர் எங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளர். சிறு வயதிலிருந்தே என்னை அறிந்தவர். “தம்பி சிங்கப்பூர்லதானே இருக்கு? 6-ஏ ஒண்ணு கொடுத்துடச் சொல்லுங்க மாமா” என்று சொல்லிவிட்டுப் போனாராம். வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிவு செய்வதற்கான படிவம்தான் இந்த 6-ஏ. அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒரே கவலை. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் இதைத்தான் கேட்கிறார்.

பட்டியலில் என் பெயர் இருக்கிறது, வாக்காளர் அடையாள அட்டையும் கையில் இருக்கிறது. இந்த நிலையில் நான் படிவம் 6-ஏ கொடுக்கத்தான் வேண்டுமா? கொடுத்தால் கிரேஞ்ச் சாலையிலுள்ள நம் தூதரகத்திலேயே வாக்களிக்க முடியும் என்று விடுதியில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அது உண்மையா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஜூரோங்வாசி எழுதியது:

தம்பி, தூதரகத்தில் வாக்களிக்கலாம் என்பது உண்மையன்று. இந்தியத் தேர்தலுக்கு வெளிநாட்டில் வாக்குச்சாவடி கிடையாது. நம்மைப் போன்றவர்களுக்கு அஞ்சல் வாக்கும் இல்லை. படைவீரர்களுக்கும் தூதரகப் பணியில் இருக்கும் அரசு ஊழியர்களுக்கும் மட்டுமே வாக்குச்சீட்டை மின்னணு முறையில் அனுப்பி அஞ்சலில் திரும்பப் பெறும் ஏற்பாடு உண்டு. உங்கள் விடுதி நண்பர் யாரோ ஒரு தூதரக ஊழியர் வாக்களித்ததைக் கேள்விப்பட்டுக் குழப்பிக்கொண்டிருக்கலாம்.

படிவம் 6-ஏ எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1950-இன்படி ஒருவர் எந்தத் தொகுதியில் வழக்கமாக வசிக்கிறாரோ அங்கேதான் வாக்காளர். ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அங்கே வசிப்பவராகிவிட மாட்டார் என்றும் 20-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே வெளிநாடு போனவர்களின் பெயரை நீக்கிவிடும் வழக்கம் முன்பு இருந்தது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 20-ஏ பிரிவைச் சேர்த்து, வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத இந்தியர் வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளிநாட்டில் இருந்தாலும், கடவுச்சீட்டிலுள்ள இந்திய முகவரி எந்தத் தொகுதியில் வருகிறதோ அங்கே வெளிநாடு வாழ் வாக்காளராகப் பதிவு செய்யலாம் என்று வைத்தார்கள். 2011 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. பதிவுக்குத்தான் வழி பிறந்ததே தவிர, வாக்களிக்க நேரில் போயாக வேண்டும் என்பது மாறவில்லை.

இப்போது அட்டை. 6-ஏ கொடுப்பவர் தம்மிடமுள்ள அடையாள அட்டையை ஒப்படைத்துவிட வேண்டும். வெளிநாடு வாழ் வாக்காளருக்குப் புதிய அட்டை தரமாட்டார்கள். வாக்குச்சாவடியில் அசல் கடவுச்சீட்டுத்தான் அடையாளம், ஆதாரைக் காட்டி வாக்களிக்க இயலாது. இன்னொன்று: இத்தகைய வாக்காளர்களின் பெயர்கள் அந்தப் பாகத்தின் (ஒரு வாக்குச்சாவடிக்குரிய பகுதியின்) பட்டியலில் கடைசியில் தனியாக இருக்கும். வீட்டு எண் வரிசையில் அம்மா பெயருக்குக் கீழே தேடினால் அகப்படாது. நான் 2024-இல் போனபோது முதல் மேசை அலுவலர் எங்கள் தெருவின் பக்கத்தை இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்துவிட்டு “பேர் இல்லையே சார்” என்றார். கட்சி முகவர்களும் தலையை நீட்டி அதையே சொன்னார்கள். கடைசித் தாளைப் புரட்டச் சொன்ன பிறகுதான் என் பெயர் தென்பட்டது. விவரம் தெரியாதவர் அங்கேயே திரும்பியிருப்பார்.

செங்காங்காரர் எழுதியது:

ஜூரோங்வாசி ஐயா சொன்ன தகவல்கள் சரி. ஆனால் மன்னார்குடித் தம்பி அவசரப்பட்டு அட்டையைக் கொடுத்துவிட வேண்டாம் என்பது என் கருத்து. அதே 20-ஆம் பிரிவில், வழக்கமாக வசிக்கும் இடத்தை விட்டுத் தற்காலிகமாக வெளியே இருப்பதனால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவர் என்ற தகுதியை இழப்பதில்லை என்றும் இருக்கிறது. எத்தனை மாதம் என்று சட்டம் வரையறுக்கவில்லை; வாக்காளர் பதிவு அலுவலர் சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய்வார். குடும்பம் ஊரில், வீடு ஊரில், இங்கே இருப்பதோ நிறுவனம் புதுப்பித்தால் நீடிக்கும், புதுப்பிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டிய வேலை அனுமதி. இது தற்காலிகம் இல்லையென்றால் வேறு எது தற்காலிகம்?

என் நிலை வேறு. நான் சிங்கப்பூர் நிரந்தரவாசி, மனைவி மக்கள் இங்கே, பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளியில் படிக்கிறார்கள். நான் ஊரில் வசிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அது பொய். தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுப்பதற்கு 31-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு. ஆகவே நான் 6-ஏ கொடுத்தேன். நிரந்தரவாசிகளாகிய எங்களுக்குச் சிங்கப்பூர்த் தேர்தலிலும் வாக்கு இல்லை, அது குடிமக்களுக்கு மட்டும். 2025 மே 3-ஆம் நாள் இங்கே பொதுத்தேர்தல் வாக்குப்பதிவு நடந்தபோது, அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் அண்டை வீட்டார் எல்லாரும் வரிசையில் நிற்க, நான் காய்கறிப் பையோடு அவர்களைக் கடந்து போனேன். ஊரிலும் பெயரை விட்டுவிட்டால் எங்குமே வாக்காளர் இல்லை என்றாகிவிடும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் சுமார் 1.19 லட்சம் வெளிநாடு வாழ் வாக்காளர்கள் பதிவு செய்திருந்தும், நேரில் வந்து வாக்களித்தவர்கள் 2,958 பேர்; அவர்களில் பெரும்பாலானோர் கேரளத்தவர். இத்தனை பேர் பதிவு செய்தும் இவ்வளவு பேரே வந்தார்கள் என்றால் அதைச் சோம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. 2024-இல் தமிழ்நாட்டுக்கு வாக்குப்பதிவு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. அங்கே சம்பளத்தோடு விடுமுறை. இங்கே அது இன்னொரு வேலை நாள். தேர்தல் தேதி மார்ச் 16-இல்தான் அறிவிக்கப்பட்டது. அதன் பிறகு திருச்சி விமானத்துக்கு மலிவுக் கட்டணச் சீட்டு எங்கே கிடைக்கிறது?

பதிலி மூலம் வாக்களிக்க வகைசெய்யும் திருத்த மசோதா 2018 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமல் கிடந்து, 2019-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. என் வாக்கை என் பங்காளி போடுவதாக இருந்தால், அது என் வாக்கா பங்காளியின் வாக்கா என்று யார் பார்ப்பது? 2020-இல் தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்குப் பரிந்துரைத்த மின்னணு அஞ்சல் வாக்குத்தான் உருப்படியான யோசனை.

ஜோகூர்ப்பெண் எழுதியது:

இந்தியத் தேர்தல் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நான் மலேசியத் தமிழ்ப் பெண், உட்லண்ட்ஸில் வேலை செய்கிறேன். அஞ்சல் வாக்கு வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று அண்ணன்மார் நினைப்பதால் இதைச் சொல்கிறேன். வெளிநாட்டிலுள்ள மலேசியர்களுக்கு அஞ்சல் வாக்கு இருந்த காலத்திலும், பக்கத்தில்தானே இருக்கிறீர்கள் என்று சிங்கப்பூர் உள்ளிட்ட சில அண்டை இடங்களில் இருப்பவர்களை வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2018-இல் வாக்குப்பதிவு புதன்கிழமை. சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் பாலத்தைக் கடந்துபோய்த்தான் வாக்களித்தோம். 2022-இல்தான் எங்களுக்கும் அந்த வழி திறந்தது. அதிலும் வாக்குச்சீட்டுடன் வரும் உறுதிமொழிப் படிவத்தில் இன்னொரு மலேசியக் குடிமகன் சாட்சிக் கையொப்பமிட வேண்டும், வாக்குப்பதிவு நாள் மாலைக்குள் உறை தொகுதி அதிகாரியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். 2018-இல் தொலைதூர நாடுகளில் இருந்தவர்களுக்குச் சீட்டே கடைசி நேரத்தில்தான் கிடைத்தது; முன்பின் தெரியாத பயணிகளிடம் விமான நிலையத்தில் உறைகளைக் கொடுத்தனுப்பினார்கள். நான் இப்போதும் பாலத்தைக் கடந்து நேரில் போகவே விரும்புகிறேன்.

மன்னார்குடியான் எழுதியது:

மிக்க நன்றி. செங்காங் அண்ணன் சொல்வதுதான் என் நிலைக்குப் பொருந்துகிறது என்று தோன்றுகிறது. ஆனால் பதிவு அலுவலர் வேறு மாதிரி நினைத்து, நான் ஊரில் வசிக்கவில்லை என்று பெயரை நீக்கிவிட்டால்? தேர்தல் நெருக்கத்தில் தெரியவந்தால் என்ன செய்வது?

ஜூரோங்வாசி எழுதியது:

செங்காங்காரர் சொன்ன விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவு உங்கள் கையில் இல்லை, அலுவலர் கையில் இருக்கிறது. படிவத்தை வாங்க வந்தவரே 6-ஏ கொடுக்கச் சொன்ன பிறகு, நானாக இருந்தால் கொடுத்துவிடுவேன். நீக்குவதற்கு முன் அறிவிப்பு வீட்டுக்குத்தான் வரும். அப்பா அதைப் பிரித்துப் பார்த்து உங்களிடம் சொல்லி, நீங்கள் பதில் அனுப்புவதற்குள் கெடு முடிந்துவிடலாம்.

வேட்புமனு தாக்கலுக்குரிய கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்காகப் புதிதாகப் பெயர் சேர்க்க முடியாது. 2024-இல் தேதி அறிவித்தது மார்ச் 16, மனுத்தாக்கல் முடிந்தது மார்ச் 27. இடையில் பதினொரு நாள்தான், விசாரணைக்கும் அதற்குள்ளேயே நாள் வேண்டும். தேதி அறிவித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் காரியம் கெட்டுவிடும்.

விண்ணப்பத்தை ஆணையத்தின் இணையத்தளத்திலேயே நிரப்பலாம். புகைப்படம், கடவுச்சீட்டில் உங்கள் படமும் இந்திய முகவரியும் உள்ள பக்கங்கள், செல்லுபடியாகும் விசாவின் நகல் ஆகியவை வேண்டும். இங்கே கடவுச்சீட்டைப் புதுப்பித்தபோது சிங்கப்பூர் முகவரியை அச்சிட்டு வாங்கியவர்கள் சிலர் உண்டு. உங்களுடையதில் ஊர் முகவரிதான் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். சரிபார்க்க வீட்டுக்கு வருபவர் அதே அங்கன்வாடி அம்மாவாகத்தான் இருப்பார், அப்பாவிடம் சொல்லி வையுங்கள். பிற்பாடு ஊருக்கே திரும்பிவிட்டால் படிவம் 6 கொடுத்துப் பழையபடி சாதாரண வாக்காளர் ஆகிவிடலாம், அட்டையும் கிடைக்கும்.