அப்பாவுக்கு அயோர்ட்டா கிழிசல்: மாத்திரை மட்டும் போதுமா, ஸ்டென்ட் கேட்க வேண்டுமா?

மலைக்கோட்டை:
வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. போன செவ்வாய் விடியற்காலை, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் கத்தியால் கிழித்த மாதிரி வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். முதலில் கூட்டிப்போன இடத்தில் வாயு என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். வலி விடவில்லை, மத்தியானம் வேறு ஆஸ்பத்திரியில் சி.டி. ஆஞ்சியோ எடுத்த பிறகுதான் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான அயோர்ட்டாவின் உள்சுவர் கிழிந்திருக்கிறது, ஸ்டான்ஃபோர்டு டைப் பி என்று தெரிந்தது. இடது கைக்கு ரத்தக்குழாய் பிரிகிற இடத்துக்குக் கீழே ஆரம்பித்து வயிறு வரை போகிறதாம். இப்போது ஐ.சி.யூ.வில் இருக்கிறார். ஆபரேஷன் வேண்டாம், பி.பி.யையும் பல்ஸையும் இறக்கி வைத்தால் போதும் என்கிறார் டாக்டர். துபாயில் இருக்கும் அண்ணனோ, கிழிந்த குழாயை யாராவது மாத்திரையால் ஒட்டுவார்களா, உடனே ஸ்டென்ட் வைக்கச் சொல் என்று போனில் கத்துகிறார். எனக்குத் தலை சுற்றுகிறது.

கரிசல்காடு:
உங்கள் அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் தாய்மாமாவுக்கு இதே டைப் பி. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள், வலியும் போய்விட்டது, எல்லாரும் மறந்துவிட்டோம். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால் குழாய் வீங்கி 6 சென்டிமீட்டர். அப்போது செய்த பெரிய ஆபரேஷனை முதல் மாதத்திலேயே ஸ்டென்ட்டோடு முடித்திருக்கலாம். அயோர்ட்டா கிழிசலுக்கு வகைப்பாடு எழுதிய டிபேக்கி என்ற அமெரிக்க சர்ஜனுக்கே 97 வயதில் கிழிந்தது. முதலில் ஆபரேஷன் வேண்டாம் என்றுதான் படுத்திருந்தார், நிலைமை மோசமாகி 2006இல் அறுத்துத் தைத்த பிறகு 2008 வரை இருந்தார். இதற்கு மேல் என்ன அத்தாட்சி?

ஐசியூ_அக்கா:
தம்பி, ஒரு நிமிடம். டிபேக்கிக்குக் கிழிந்தது இதயத்திலிருந்து மேலே ஏறும் பகுதியில். அது டைப் ஏ வகை. அதை வைத்துக்கொண்டு மாத்திரை போதும் என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆரம்பத்தில் மணிக்கு 1 முதல் 2 சதவீதம் பேர் போய்விடுவார்கள், அதனால் உடனே மார்பைத் திறந்தாக வேண்டும். மலைக்கோட்டையின் அப்பாவுக்குக் கீழே இறங்கும் பகுதி. இரண்டும் ஒரே குழாய்தான், ஆனால் வைத்தியம் வேறு.

22 வருடம் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தேன், அதனால் சொல்கிறேன், "மாத்திரை மட்டும்" என்பது சும்மா விட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. தோட்டத்தில் மோட்டார் போட்டதும் ஹோஸ் ஒரு உதறு உதறும் பாருங்கள், ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த உதறல் கிழிசலில் போய் இடிக்கிறது. பி.பி. என்பது குழாயில் நிற்கிற அழுத்தம், உதறல் வேறு. இரண்டையும் அடக்க வேண்டும். அதனால்தான் முதலில் எஸ்மோலால், லாபெட்டலால் மாதிரி பீட்டா பிளாக்கரை, அதாவது இதயத் துடிப்பின் வேகத்தை அடக்கும் மருந்தை, நரம்பில் ஏற்றுவோம். பல்ஸ் 60க்குக் கீழே, மேல் பி.பி. 100லிருந்து 120க்குள். குழாயைத் தளர்த்துகிற மருந்தை முதலில் கொடுத்துவிட்டால் பி.பி. இறங்கும், ஆனால் இதயம் பதறி வேகமாக அடிக்கும், உதறல் கூடும். வரிசை மாறினால் ஆபத்து. வலிக்கு மார்ஃபின் கொடுப்பதும் இதற்காகத்தான், வலி இருந்தால் பி.பி. இறங்காது.

மூலிகைவனம்:
இத்தனை கெமிக்கல் எதற்கு? ப்ரஷர் மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும். மருதம்பட்டைக் கஷாயம் இரண்டு வேளை கொடுங்கள், ரத்தக்குழாய் தானாகப் பலப்படும்.

ஐசியூ_அக்கா:
ஐயா, கிட்னியைத் தின்பது ப்ரஷர், மாத்திரை இல்லை. மூலிகைக் கதை வேண்டுமென்றால் நானே சொல்கிறேன். 1965இல் ஃப்ளோரிடாவில் வீட் என்ற சர்ஜனும் கூட இருந்தவர்களும் இந்தக் கிழிசலை ஆபரேஷன் இல்லாமல் மருந்தால் அடக்கலாம் என்று முதன்முதலில் எழுதினார்கள். அவர்கள் கொடுத்த மருந்துகளில் ஒன்று ரெசர்பின். அது நம் சர்ப்பகந்தா வேரிலிருந்து எடுத்தது. அந்த வேர் பி.பி.யை இறக்குகிறது என்று 1949இல் இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதியவர் மும்பை டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல். ஆனால் அவர்கள் கஷாயம் வைத்துக் கொடுக்கவில்லை, அளந்து கொடுத்தார்கள், பி.பி.யைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார்கள். ஐ.சி.யூ.வில் இருக்கிற மனிதருக்குத் தம்ளர் கணக்கில் எதையும் ஊற்ற வேண்டாம்.

கரிசல்காடு:
கஷாயத்தை விடுங்கள். அக்கா, நீங்கள் சொல்வது முதல் வாரத்துக்குச் சரி. நான் கேட்பது அதற்குப் பிறகு. ஐரோப்பாவில் இன்ஸ்டெட் என்று ஒரு ஆய்வு, சிக்கலில்லாத டைப் பி நோயாளிகள் 140 பேரைப் பிரித்து ஒரு பாதிக்கு மருந்து மட்டும், மறுபாதிக்கு மருந்தோடு ஸ்டென்ட். 5 வருடம் கழித்து அயோர்ட்டாவால் இறந்தவர்கள் மருந்துப் பக்கம் 19.3 சதவீதம், ஸ்டென்ட் பக்கம் 6.9. இதைப் பார்த்த பிறகும் மாத்திரை போதும் என்றால் எப்படி?

ஐசியூ_அக்கா:
முழுதாகச் சொல்லுங்கள். அதே ஆய்வில் 2 வருடத்தில் ஸ்டென்ட்டால் உயிர் பிழைப்பு கூடவில்லை. மருந்துப் பக்கம் 95.6 சதவீதம் உயிரோடு, ஸ்டென்ட் பக்கம் 88.9. 5 வருடத்திலும் எல்லாக் காரணச் சாவையும் சேர்த்தால் 19.3க்கு 11.1, அந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் உறுதியாகவில்லை. ஸ்டென்ட் என்றால் இடுப்பில் ஓட்டை போட்டு முடிகிற காரியம் என்று நினைக்காதீர்கள், முதுகுத்தண்டுக்குப் போகும் ரத்தம் அடைபட்டு இரண்டு காலும் விழுந்த நோயாளியைப் பார்த்திருக்கிறேன். பக்கவாதமும் வரலாம், கிழிசல் பின்னோக்கி ஏறி டைப் ஏ ஆகவும் வாய்ப்புண்டு.

கரிசல்காடு:
நானும் எல்லாருக்கும் வையுங்கள் என்று சொல்லவில்லை. (சரி, முதல் பதிவில் அப்படித்தான் தொனித்தது.) குழாயின் அகலம் 40 மில்லிமீட்டருக்கு மேல், கிழிசல் வழியே ரத்தம் புகுந்து உண்டான பொய்க் குழாய் 22க்கு மேல் என்றால் பின்னால் வீங்கும் வாய்ப்பு அதிகம், அப்படிப்பட்டவர்களுக்கு யோசிக்கலாம் என்று 2022 அமெரிக்க வழிகாட்டியே சொல்கிறது. மாமாவின் ரிப்போர்ட்டில் அந்த அளவு இருந்தது, எங்களிடம் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. என் கோபம் அதுதான்.

ஐசியூ_அக்கா:
அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் தம்பி, மூன்று வருடத்தில் மாமாவுக்கு எத்தனை ஸ்கேன் எடுத்தீர்கள்?

கரிசல்காடு:
ஒன்றுமில்லை. வலி இல்லையே என்று விட்டுவிட்டோம்.

தினம்_நாலு_மாத்திரை:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நானே டைப் பி ஆசாமி, ஆறு வருடமாக மாத்திரையில்தான் ஓடுகிறேன். மெட்டோப்ரோலால், டெல்மிசார்ட்டன், அம்லோடிபின், கூட ஒரு நீர் மாத்திரை. முதல் மூன்று மாதம் மாடிப்படி ஏறினாலே கால் கல்லாக இருக்கும், தூக்கம் தூக்கமாக வரும், இதற்கு அந்தக் கிழிசலே தேவலை என்று மனைவியிடம் எரிந்து விழுந்திருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. ஊருக்குப் போகும்போது மாத்திரைப் பையை மறந்து இரண்டு நாள் பீட்டா பிளாக்கர் இல்லாமல் இருந்தேன், பல்ஸ் 110க்குப் போய்விட்டது. திடீரென்று நிறுத்தவே கூடாதாம், எனக்கு அது தெரியாது.

ஸ்கேன் 1, 3, 6, 12ஆம் மாதங்களில், அப்புறம் வருடத்துக்கு ஒன்று. கேஸ் சிலிண்டர் தூக்குவதில்லை, கழிவறையில் முக்குவதில்லை (சிரிக்காதீர்கள், அதற்கும் மருந்து உண்டு). முக்கியமாக இன்னொன்று. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்றால் மெடிக்கலில் கேட்டதும் சிப்ரோஃப்ளாக்சசின் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த வகை மருந்து அயோர்ட்டாவுக்கு ஆகாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 டிசம்பரிலேயே எச்சரித்துவிட்டது. நம் ஆள் போய்க் கேட்கும் முன் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

மலைக்கோட்டை:
எல்லாருக்கும் நன்றி. காலையில் டாக்டரிடம் அளவைக் கேட்டேன், முதலில் கொஞ்சம் முறைத்தார், அப்புறம் படத்தைத் திறந்து காட்டினார். குழாய் 37, பொய்க் குழாய் 18. இரண்டு கிட்னிக்கும் காலுக்கும் ரத்தம் சரியாகப் போகிறது. வலி திரும்ப வந்தாலோ, மூன்று நான்கு மருந்துக்கும் பி.பி. அடங்காவிட்டாலோ, கால் ஜில்லென்று ஆனாலோ, சிறுநீர் குறைந்தாலோ அன்றே ஸ்டென்ட், அதுவரை மருந்து என்றார். டிஸ்சார்ஜுக்கு முன் இன்னொரு சி.டி. உண்டு. அண்ணனையும் போனில் பேச வைத்தேன், இப்போதைக்கு அடங்கியிருக்கிறார். அப்பாவுக்கு பல்ஸ் 58, பி.பி. 114. உப்பில்லாத ஐ.சி.யூ. இட்லியைப் பார்த்து மாவடு கேட்கிறார்.

கரிசல்காடு:
37 என்றால் நானும் காத்திருப்பேன். ரிப்போர்ட் தாளோடு விட்டுவிடாதீர்கள், ஸ்கேன் படங்கள் பதிந்த டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள், அடுத்த முறை ஒப்பிட அதுதான் வேண்டும். ஒரு மாத ஸ்கேன் தேதியை இன்றே போனில் போட்டு வையுங்கள்.

ஐசியூ_அக்கா:
மாவடு கிடையாது.