மனசை விட்டுப் போகாத ஒரு கல்: உங்கள் அனுபவம்?

ஊதாப்பூ:
பாட்டியின் மாணிக்க மோதிரத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மூன்று தலைமுறையாகக் கெம்பு, கெம்பு என்று பொத்திப் பொத்தி வைத்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் ஒன்றும் பேசாமல் எழுந்து, என்னை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னார். கல்லுக்குள் வளைவு வளைவாகக் கோடுகள், பழைய இசைத்தட்டில் இருக்குமே அதே மாதிரி. நடுவில் இரண்டு குட்டிக் குமிழ். மண்ணில் விளைந்த கல்லில் வளர்ச்சிக் கோடு நேராகப் போகுமாம், மூலையில் திரும்புமாம், இப்படி வளையாதாம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பாட்டிக்குத் தெரிந்திருக்குமோ என்பதுதான் அரித்துக்கொண்டே இருக்கிறது.

சும்மா ஒருவன்:
போலிக் கல்லைத் தலையில் கட்டியவனை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. என்னுடையது வேறு மாதிரி. அலெக்சாண்ட்ரைட், ரஷ்ய இளவரசர் பேர் வைத்தார்களே, அது. பகலில் பார்த்தால் பாசிப்பச்சை. நிறம் மாறும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு ராத்திரி கரண்ட் போனது, மெழுகுவத்தி ஏற்றினேன். விரலில் சிவப்பாக ஏதோ மின்னியது. தீக்குச்சி கீறி ரத்தம் வந்துவிட்டது என்று நினைத்து வேட்டியில் துடைத்தேன். துடைத்தும் போகவில்லை!

குருந்தம்:
'போலி' என்றவருக்கு ஒரு வார்த்தை. போலி என்றால் சிவப்புக் கண்ணாடி. அந்த மோதிரக் கல் மனிதர் வளர்த்த கல். பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னூயி 1902-இல் வெளியிட்ட முறையில், அலுமினிய ஆக்சைடு பொடியை 2,000 டிகிரிக்கு மேல் எரியும் சுவாலை வழியாக உதிர்த்து, சொட்டுச் சொட்டாக வளர்ப்பார்கள். சிவப்புக்குக் கொஞ்சம் குரோமியம். சுரங்கத்து மாணிக்கத்திலும் இதே இரண்டுதான். அது மாணிக்கமே, பிறந்த இடம்தான் வேறு. மறைத்து விற்றால் அது மோசடி. கல் என்ன பாவம் செய்தது? பிரிட்டிஷ் கிரீடத்தின் நெற்றியில் இருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' மாணிக்கமே இல்லை, ஸ்பைனல் என்ற வேறொரு சிவப்புக் கல். அதை யாரும் கழற்றி எறியவில்லை.

ஊதாப்பூ, கேட்காமலே சொல்கிறேன். ரிப்போர்ட் வாங்கும்போது இயற்கையா என்பதோடு நிறுத்தாதீர்கள். சூடாக்கியதா, விரிசலில் ஈயக் கண்ணாடி நிரப்பியதா என்றும் கேளுங்கள். நிரப்பிய கல்லுக்கு எலுமிச்சைச் சாறுகூட ஆகாது. புற ஊதா விளக்கில் சிவப்பாக ஒளிர்ந்தால் ஒரிஜினல் என்பார்கள், நம்பாதீர்கள். வளர்த்த கல் பெரும்பாலும் இன்னும் பிரகாசமாகவே ஒளிரும். உரசிப் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள், கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அசலும் வளர்த்ததும் 9தான். மரகதத்தை, ஒலி அதிர்வால் நகை கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடவே போடாதீர்கள்.

என் கதை ஒரு வரி. புஷ்பராகம் என்று ஆசையாக வாங்கியது, சூடாக்கி மஞ்சளாக்கிய அமெதிஸ்ட் என்ற ஊதாக் கல்.

பச்சைக்கிளி:
அந்தக் கடைசி அறிவுரை போன வருஷமே வந்திருக்கக் கூடாதா! போட்டேன். இரண்டே நிமிஷம். எடுத்தபோது மரகதத்துக்குள் வெள்ளை வெள்ளையாக நரம்பு ஓடியிருந்தது. விரிசலை மறைத்திருந்த எண்ணெய் கழன்றுவிட்டதாம். திரும்ப எண்ணெய் ஏற்றலாம் என்கிறார்கள். ஏற்றவில்லை. முகம் கழுவிய பிறகு ஒருவரைப் பார்த்த மாதிரி இருக்கிறது, எனக்கே பிடித்துப்போனது.

சும்மா ஒருவன்:
குருந்தம் சார், எல்லாம் ஒன்று என்றால் விலை ஏன் ஒன்றாக இல்லை? கண்ணகி சிலம்பிலிருந்து தெறித்தது சுவாலையில் வளர்த்த கல் என்றால் பாண்டியன் உயிரை விட்டிருப்பானா?

குருந்தம்:
உள்ளே முத்தா மாணிக்கமா என்பதுதான் அங்கே வழக்கு. எந்தச் சுரங்கம் என்று பாண்டியன் கேட்கவில்லை.

ஊதாப்பூ:
சண்டை வேண்டாமே. நேற்று லென்ஸ் வைத்து மோதிரத்தை மறுபடி பார்த்தேன். கல்லைப் பிடித்திருக்கும் நாலு கொக்கியில் இரண்டு மட்டும் வேறு நிறத் தங்கம். யாரோ எப்போதோ கல்லைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். முன்னால் அங்கே என்ன கல் இருந்தது?